கடையை விற்று ஓய்வுபெறுபவரும் அரசிறையும்: கஹவத்தையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பிரச்சினையின் எல்லை

இலங்கையின் சபரகமுவ மாகாணத்து இரத்தினபுரி மாவட்டத்தில், பெல்மதுளையில் பிரிந்து கொடகவலை, எம்பிலிப்பிட்டிய வழியாகத் தெற்கே இறங்கும் நெடுஞ்சாலையில் அமைந்த கஹவத்தைப் பட்டினத்தில், தோட்டச் சம்பளத்தையும், சிறுதோட்டக்காரரின் கொழுந்துப் பணத்தையும், இரத்தினக்கல் அகழ்வில் எதிர்பாராது வந்து சேரும் தொகையையும் நம்பி நடக்கும் சில்லறைக் கடைகளும், துணிக்கடைகளும், இறப்பர் சீட் வாங்கும் கடைகளும் பல, ஒரே மனிதரின் வாழ்நாள் உழைப்பினால் நிலைபெற்றவை. அவருக்கு மாதச் சம்பளம் இல்லை. சேமலாப நிதி இல்லை. பணிக்கொடை கொடுக்க எசமானன் இல்லை. பிள்ளைகள் கொழும்பிலோ வளைகுடா நாடுகளிலோ உத்தியோகம் தேடிப் போய்விட்ட பின்னர், முழங்கால் வலியும் கண் மங்கலும் வந்து சேர்ந்த வயதில், அவருக்கு எஞ்சியிருக்கும் ஒரே முதுமைக்கால ஆதாரம் அந்தக் கடையை விற்றால் கிடைக்கும் பணமேயாகும்.

அவ்வாறு விற்கும்போது கிடைக்கும் ஆதாயத்தின்மீது அரசு வரி கேட்கலாமா. கேட்கலாமெனில், ஓய்வின்பொருட்டு விற்பவருக்கு ஏதேனும் சலுகை அளிப்பது நியாயமா. நியாயமெனில் எந்தக் காரணத்தின் பேரில், எந்த எல்லை வரையில் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா. தொழில் முயற்சியாளர்களுக்கு வரிச்சலுகை அளித்தால் பொருளாதாரம் விருத்தியடையும் என்ற பொதுவான வாதத்தைப் பற்றி நம் பத்திரிகைகளில் ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. ஓய்வுபெறும் சிறு வியாபாரியின் நிலையைத் தனியே எடுத்து ஆராயும் எழுத்து தமிழில் அரிதாகவே காணப்படுகிறது. இவ்விரண்டும் வெவ்வேறு பிரச்சினைகள் என்பதும், இவற்றை ஒன்றாகக் குழப்பியதனாலேயே பிற தேசங்களில் இச்சலுகை வழிதவறியது என்பதும் என் அபிப்பிராயம்.

2. வரி வந்த வழி

மூலதன ஆதாய வரி இலங்கைக்குப் புதிதன்று. கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கலஸ் கால்டோர் 1956இல் இந்தியாவுக்கும், 1958இல் பண்டாரநாயக்க அரசாங்கத்தின் அழைப்பின் பேரில் இலங்கைக்கும் வந்து நேர்வரி முறையை முற்றாகத் திருத்தியமைக்கும் யோசனைகளைச் சமர்ப்பித்தார். அவற்றின் விளைவாக 1959இல் செலவின வரி, செல்வ வரி, கொடை வரி என்பவற்றோடு மூலதன ஆதாயமும் வரிக்கு உட்பட்டது. கால்டோரின் தர்க்கம் எளிதில் மறுக்கத்தக்கதன்று. உழைத்துச் சம்பாதிக்கும் கூலிக்காரனின் வருமானத்தில் வரி பிடித்துக்கொண்டு, சொத்து விலையேற்றத்தினால் செல்வம் சேர்ப்பவனை விட்டுவிடுவது வரித் தர்மத்துக்கே விரோதம் என்பது, 1955இல் பிரித்தானிய அரச ஆணைக்குழுவின் பெரும்பான்மைக் கருத்துக்கு எதிராக அவர் கையொப்பமிட்ட மாற்றுக் குறிப்பிலிருந்தே அவர் விடாது பற்றிநின்ற கொள்கையாகும்.

1964இல் பிரித்தானியாவில் தொழிற்கட்சி பதவிக்கு வந்தபோது இதே கால்டோர் நிதியமைச்சர் ஜேம்ஸ் கலகனின் வரி ஆலோசகரானார்; 1965ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அந்நாட்டில் மூலதன ஆதாய வரியை நிலைநாட்டியது. அச்சட்டத்திலேயே, முதுமையில் தம் வியாபாரத்தை விற்று ஓய்வுபெறும் உரிமையாளருக்கு, 60 வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்து 65 வயதில் 10,000 பவுணை எட்டும் விலக்கு ஒன்றும் சேர்க்கப்பட்டது. சொத்து ஆதாயத்துக்கு வரி விதிக்க வேண்டுமென்று வாழ்நாள் முழுதும் வாதாடியவரின் ஆலோசனையோடு உருவான அதே சட்டம், கிழவராகிவிட்ட கடைக்காரர் ஒருவரின் ஆதாயத்தையும் நில ஊக வியாபாரியின் ஆதாயத்தையும் ஒரே தராசில் இடவில்லை என்பது ஆழ்ந்து கவனிக்கத்தக்கது.

இலங்கையில் அந்த வரி பின்னர் நீக்கப்பட்டு, பல ஆண்டுகள் இல்லாதிருந்து, 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் மூலம் 2018 ஏப்பிரல் 1ஆம் திகதி முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. வரி திரும்பி வந்தது. ஓய்வுபெறுபவரைப் பற்றிய சிந்தனை மட்டும் அதனோடு வரவில்லை.

3. இன்றைய சட்டமும் ஒரு கடையின் கணக்கும்

சட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகக் கூறலாம். நிலம், கட்டடம், பங்குகள் முதலிய மூலதனச் சொத்துகளை முதலீடாக வைத்திருந்து விற்கும் தனிமனிதர் தம் ஆதாயத்தின்மீது முதலில் நூற்றுக்கு 10 வீதமும், 2025 ஏப்பிரல் முதல் நூற்றுக்கு 15 வீதமும் செலுத்த வேண்டும். 2017 செப்டெம்பர் 30ஆம் திகதியில் கைவசமிருந்த சொத்துக்கு அன்றைய சந்தைப் பெறுமதியே அடக்க விலையாகக் கொள்ளப்படும். விற்பவர் மூன்றாண்டு காலம் தொடர்ந்து உரிமை கொண்டு அதில் இரண்டாண்டுகளாவது குடியிருந்த பிரதான வீட்டுக்கு விலக்கு உண்டு. கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனிகளின் பங்குகளுக்கும் விலக்கு உண்டு.

வியாபாரிக்குச் சிரமம் தொடங்கும் இடம் இதற்கு அடுத்தபடியாக வருகிறது. தம் சொந்த வியாபாரத்திலேயே பயன்படுத்தப்பட்ட நிலத்தை விற்கும்போது அந்த ஆதாயம் முதலீட்டு ஆதாயமாகக் கருதப்படாமல் வியாபார வருமானத்தோடு சேர்க்கப்படுகிறது. ஆகவே 15 வீதம் என்ற தனி விகிதம் பொருந்தாமல், 6 வீதத்தில் தொடங்கி 36 வீதத்தில் முடியும் சாதாரண படிமுறை விகிதங்கள் பொருந்துகின்றன. பல ஆண்டுகளாக மெதுவாகத் திரண்ட பெறுமதி முழுவதும் ஒரே வரி ஆண்டின் வருமானமாகத் தோன்றுவதனால், வாழ்நாளில் ஒருபோதும் உச்சப் படியைத் தொட்டிராத கடைக்காரர் கடையை மூடும் ஆண்டில் மட்டும் அப்படியில் ஏறி நிற்கிறார்.

இதை எண்களால் விளக்குவது அவசியம். பின்வரும் தொகைகள் விளக்கத்தின்பொருட்டு நான் எடுத்துக்கொண்டவை. கஹவத்தைக் கடைவீதியில் ஒருவருடைய கடை நிலத்தின் பெறுமதி 2017 செப்டெம்பரில் 60 இலட்சம் ரூபா என்றும், 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் அதை 150 இலட்சத்துக்கு விற்றார் என்றும், அவருக்கு அவ்வாண்டில் வேறு வருமானம் இல்லையென்றும் கொள்வோம். ஆதாயம் 90 இலட்சம். அது முதலீட்டுச் சொத்தானால் வரி 13 இலட்சத்து 50 ஆயிரம். வியாபாரச் சொத்தாகக் கொள்ளப்பட்டால், 18 இலட்சம் தனிநபர் நிவாரணத்தைக் கழித்து எஞ்சும் 72 இலட்சத்தில் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதமும், அடுத்தடுத்த மூன்று ஐந்து இலட்சங்களுக்கு முறையே 18, 24, 30 வீதமும், மீதி 47 இலட்சத்துக்கு 36 வீதமும் கணிக்க, வரி 21 இலட்சத்து 12 ஆயிரம் ஆகிறது. நிலத்தைச் சும்மா போட்டுவைத்து விலையேறும்வரை காத்திருந்தவருக்குக் குறைந்த வரி, அதே அளவு நிலத்தில் நாற்பது வருஷம் நின்று வியாபாரம் செய்தவருக்குக் கூடிய வரி என்ற இவ்விளைவை எந்த வரித் தத்துவத்தின் பேரிலும் ஆதரிப்பது கடினம்.

இத்துடன் பணவீக்கத்தையும் சேர்த்து நோக்க வேண்டும். 2017 செப்டெம்பரில் அமெரிக்க டொலர் ஒன்றின் பெறுமதி ஏறக்குறைய 153 ரூபா. 2022ஆம் ஆண்டின் பெரு வீழ்ச்சிக்குப் பின், 2025இல் அது ஏறக்குறைய 300 ரூபா. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டில் நூற்றுக்கு 70 வீதமளவு உயர்ந்திருந்தது. இந்த வீழ்ச்சியைக் கணக்கில் கொண்டு அடக்க விலையை உயர்த்திக்கொள்ளும் ஏற்பாடு எதுவும் சட்டத்தில் இல்லை. நம் கடைக்காரரின் 60 இலட்சம் அன்று ஏறக்குறைய 39,000 டொலர். அவர் பெற்ற 150 இலட்சம் 50,000 டொலர். உண்மையான ஆதாயம் 2025ஆம் ஆண்டின் ரூபாவில் 32 இலட்சத்தைச் சற்றே தாண்டும். அதில் 21 இலட்சத்தை வரியாகக் கேட்பது, ஆதாயத்துக்கு வரி விதிப்பதாகுமா, முதலையே எடுத்துக்கொள்வதாகுமா என்பதை வாசகர் தாமே நிர்ணயிக்கலாம்.

4. சம்பளக்காரரின் ஓய்வும் கடைக்காரரின் ஓய்வும்

இதே பட்டினத்தின் அருகே உள்ள தோட்டமொன்றின் காரியாலயத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்த உத்தியோகத்தர் ஒருவர் ஓய்வுபெறும்போது என்ன நிகழ்கிறது என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது. 1958ஆம் ஆண்டின் சட்டத்தினால் அமைந்த ஊழியர் சேமலாப நிதி அவருக்குக் கிடைக்கிறது. அது பெரும்பாலும் வரிக்கு அப்பாற்பட்டது. 1980இல் நிறுவப்பட்ட ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படியான பணிக்கொடையும் சேர்கின்றன. இத்தகைய ஓய்வுகாலக் கொடுப்பனவுகளில் முதல் 100 இலட்சம் ரூபாவுக்கு வரி இல்லை. அடுத்த 100 இலட்சத்துக்கு 6 வீதம். அதற்கு மேல் 12 வீதம். ஆகவே 90 இலட்சம் பெறும் உத்தியோகத்தர் ஒரு சதமும் வரி செலுத்துவதில்லை.

அதே 90 இலட்சம். ஒருவருக்குச் சூனியம், மற்றவருக்கு 13 இலட்சத்துக்கு மேல் அல்லது 21 இலட்சத்துக்கு மேல். உத்தியோகத்தரின் சலுகையைக் குறைக்க வேண்டுமென்பது என் வாதமன்று. உழைப்பால் தேய்ந்த உடம்புக்கு முதுமையில் கிடைக்கும் மொத்தத் தொகையை ஆண்டு வருமானமாகக் கருதலாகாது என்ற உயர்ந்த கொள்கையை அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது. அக்கொள்கை சம்பளக்காரரின் வாசலோடு நின்றுவிடுவதற்கு யாது நியாயம் என்பதே கேள்வி.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு. சம்பளக்காரரின் நிதிக்கு மாதந்தோறும் எழுதப்பட்ட பதிவு இருக்கிறது; பங்களிப்பு அவர் கைக்கு வராமலே கழிக்கப்படுகிறது; இடையில் எடுத்துச் செலவிட முடியாது. கடைக்காரரோ தம் இலாபத்தைத் தம் இஷ்டப்படி வைத்திருந்தவர். அவ்விலாபத்துக்கு ஆண்டுதோறும் முறையாக வரி செலுத்தினாரா என்பதும் எப்போதும் உறுதியன்று. இந்த ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அது சலுகையை மறுப்பதற்குரிய காரணமாகாது. சலுகைக்கு ஒரு நிபந்தனையைச் சுட்டும் காரணமே ஆகும். கடந்த பத்தாண்டுகளின் வருமான அறிக்கைகளைச் சமர்ப்பித்தவருக்கே விலக்கு என்று விதித்தால், பதிவில்லாத வியாபாரம் தானாகவே பதிவுக்குள் வரும். அறிக்கை கொடுப்பதால் தொல்லையைத் தவிர வேறொன்றும் கிடையாது என்று இன்று நினைக்கும் கடைக்காரருக்கு, முதுமையில் பயன் தரும் உரிமை ஒன்று அதனால் சேர்கிறது என்ற எண்ணம் வந்தாலே இறைவரித் திணைக்களத்துக்கு அது பெரிய இலாபம்.

வேறொரு பேதமும் கண்ணுக்குத் தெரிகிறது. கஹவத்தையைச் சுற்றியுள்ள பல தோட்டங்களை நிருவகிக்கும் கஹவத்தைப் பெருந்தோட்டக் கம்பனி பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அதன் பங்குகளை வைத்திருந்து விற்பவர் மூலதன ஆதாய வரி செலுத்த வேண்டியதில்லை. அந்தத் தோட்டங்களில் வேலை செய்பவர்களுக்கு மாதம் முழுவதும் அரிசியும் கோதுமை மாவும் கருவாடும் கடனுக்குக் கொடுத்து, பத்தாம் திகதிச் சம்பளத்தில் ஒரு பகுதியை வாங்கி, மீதியை மறு மாதத்துக்கு எழுதிக்கொண்டு வந்தவருக்கு அந்த விலக்கு இல்லை.

சட்டம் இன்னொரு வகையிலும் கோணலாக நிற்கிறது. உரிமையாளர் இறந்து சொத்து வாரிசுக்குச் செல்லும்போது, அது அடக்க விலையிலேயே கைமாறியதாகக் கருதப்படுவதால் அப்போது வரி எழுவதில்லை. ஓய்வுபெறும்பொருட்டு உயிரோடு இருக்கையிலேயே விற்றால் வரி எழுகிறது. ஆகவே கணக்குப் போட்டுப் பார்க்கும் குடும்பத்துக்கு, தகப்பனார் இறுதிவரை கல்லாப்பெட்டியின் முன் இருப்பதே ஆதாயம். கடையைத் திறம்பட நடத்தக்கூடிய இளைஞர் வாங்கத் தயாராக நிற்க, நடத்த முடியாத முதியவர் விற்க முடியாமல் நிற்பது ஊருக்கும் நஷ்டம்.

5. பிரித்தானிய அனுபவம் கற்பிப்பது

1965இல் 10,000 பவுணாகத் தொடங்கிய பிரித்தானிய ஓய்வுச் சலுகை படிப்படியாக விரிந்து, 1990களின் நடுப்பகுதியில் 50 வயதை எட்டியவருக்கு முதல் 2 இலட்சத்து 50 ஆயிரம் பவுணுக்கு முழு விலக்கும், அதற்கு மேல் 10 இலட்சம் வரையில் பாதி விலக்கும் அளித்தது. பத்தாண்டு காலம் வியாபாரத்தை நடத்தியிருந்தால்தான் முழுப் பயன். குறைந்த காலத்துக்கு அதற்கேற்ற பங்கு. நிதியமைச்சர் கோர்டன் பிரவுன் 1998இல் இதைக் கட்டங்கட்டமாக ஒழிக்கும் முடிவை அறிவித்தார். 2003 ஏப்பிரலில் அது முற்றாக மறைந்தது. அதற்குப் பதிலாக வந்தது, சொத்தை வைத்திருந்த காலத்துக்கேற்ப வரியைக் குறைக்கும் முறை. அதையும் 2007இல் நிதியமைச்சர் அலிஸ்டெயார் டார்லிங் நீக்க முற்பட்டபோது, ஓய்வை நெருங்கியிருந்த சிறு வியாபாரிகள் எழுப்பிய எதிர்ப்பின் விளைவாக 2008இல் ‘தொழில் முயற்சியாளர் சலுகை’ என்ற புதிய ஏற்பாடு பிறந்தது.

இந்த இடத்தில்தான் கொள்கை தடம் புரண்டது. புதிய சலுகைக்கு வயது நிபந்தனை இல்லை. ஓய்வு என்ற நோக்கமும் இல்லை. முயற்சிக்கு ஊக்கம் என்பதே அதன் நியாயமாகச் சொல்லப்பட்டது. ஊக்கத்துக்கு எல்லை ஏது? வாழ்நாள் வரம்பு 10 இலட்சம் பவுணில் தொடங்கி 2010இல் 20 இலட்சமாகவும், அவ்வாண்டிலேயே 50 இலட்சமாகவும், 2011இல் ஒரு கோடியாகவும் உயர்ந்தது. 2020 மார்ச்சில் நிதியமைச்சர் ரிஷி சுனக் அவ்வரம்பை மீண்டும் 10 இலட்சத்துக்குக் குறைத்தபோது நாடாளுமன்றத்தில் வெளியிட்ட விவரங்கள் பெரும் பிரமிப்பைத் தருவன: ஆண்டுக்கு 200 கோடி பவுணுக்கு மேல் செலவான அச்சலுகையின் ஏறக்குறைய முக்காற்பங்கு வெறும் 5,000 பேரைச் சென்றடைந்திருந்தது; தொழில் தொடங்க அது தூண்டுதலாயிருந்ததென்று கூறியோர், அதைப் பெற்றவர்களுள் பத்தில் ஒரு பங்கினருக்கும் குறைவு. அதற்குப் பின் வரி விகிதமும் 10 வீதத்திலிருந்து 2025 ஏப்பிரலில் 14ஆகவும், 2026 ஏப்பிரலில் 18ஆகவும் உயர்த்தப்பட்டது.

இவ்வனுபவத்தைக் காட்டி, சலுகை எதுவுமே கூடாதென்று முடிவு கட்டுவோர் உளர். அம்முடிவு எனக்கு உடன்பாடன்று. தோல்வியடைந்தது ஊக்கத்தின் பெயரால் தரப்பட்ட சலுகை; முதுமையின் பெயரால் தரப்பட்டது தோல்வியுற்றதாக எவரும் நிரூபித்ததாக நான் அறியேன். அவுஸ்திரேலியா 1999 முதல் நடைமுறைப்படுத்தும் ஏற்பாடு இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. அங்கே சிறு வியாபாரத்தை விற்பவருக்கு வாழ்நாளில் 5 இலட்சம் டொலர் வரையில் விலக்கு உண்டு. ஆனால் விற்பவர் 55 வயதுக்குக் குறைந்தவராயின் அத்தொகையை ஓய்வுகால நிதியில் செலுத்தியாக வேண்டும். கடையை உரிமையாளரின் சேமலாப நிதியாகவே அச்சட்டம் கருதுகிறது. அயர்லாந்திலோ 55 வயது முதல் 7 இலட்சத்து 50 ஆயிரம் யூரோ வரையிலான விற்பனைக்கு விலக்கு அளித்து, முதியவர் வியாபாரத்தை நெடுங்காலம் பிடித்துக்கொண்டிராமல் இளையவரிடம் ஒப்படைக்கும்பொருட்டு, உயர்ந்த வயதினருக்கு வரம்பை 5 இலட்சமாகக் குறைத்திருக்கிறார்கள். அக்குறைப்பு முதலில் 66 வயதிலும், 2025 முதல் 70 வயதிலும் தொடங்குகிறது.

6. விற்பதற்கு என்ன இருக்கிறது?

வரி விகிதத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய பின்னர், சபரகமுவத் தமிழ் வியாபாரிகளின் விஷயத்தில் அதைவிட ஆழமான கேள்வியொன்றை எழுப்பாமல் விடுவது நேர்மையாகாது. விற்பதற்கு அவர்களிடம் நிலம் இருக்கிறதா?

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டம், இலங்கைப் பிரஜையல்லாதவருக்கு ஆதனம் கைமாறும்போது அதன் பெறுமதிக்குச் சமமான தொகையை, அதாவது நூற்றுக்கு நூறு வீதத்தை, வரியாக விதித்தது. அந்நியர் நிலம் வாங்குவதைத் தடுப்பது அதன் நோக்கமாயிருக்கலாம். ஆனால் சட்டத்தின் சொற்கள் பிரஜாவுரிமை இல்லாதவர் அனைவரையும் குறித்தமையால், இங்கேயே பிறந்து வளர்ந்த நாடற்ற வியாபாரியும் கடைவீதியில் ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டுமானால் இரட்டை விலை கொடுக்க வேண்டியவரானார். அக்காலத்து வியாபாரிகள் பலர் வாடகைக் கட்டடங்களிலேயே தங்கிவிட்டதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணமென்று கொள்வது பிழையாகாது. அடுத்த ஆண்டே, 1964 அக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றவருள் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது. புறப்படுவோர் தம் சொத்துகளை, சேமலாப நிதியும் பணிக்கொடையும் உட்பட, கொண்டுசெல்ல அனுமதிக்கப்படுவர் என்றும், ஒரு குடும்பத்துக்கு அனுமதிக்கப்படும் உச்சத் தொகை 4,000 ரூபாவுக்குக் குறைக்கப்பட மாட்டாது என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. கடையை விற்றுக் கப்பலேறியவர்களுக்கு அன்று இருந்த பிரச்சினை ஆதாயத்துக்கு வரி அன்று. நாள் குறிக்கப்பட்டுவிட்ட மனிதர் சொல்லும் விலைக்கு எவரும் பேரம் பேசாமல் வாங்குவரா என்பதே.

போகாமல் நின்றவர்கள் 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களை இரத்தினபுரி மாவட்டத்தில் எதிர்கொண்டார்கள். எரிந்த கடைகளோடு உறுதிகளும் பற்றுச்சீட்டுகளும் கணக்குப் புத்தகங்களும் எரிந்தன. நாடற்ற நிலை முற்றாக நீங்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது. இத்தகைய சரித்திரத்தையுடைய ஒருவரிடம் சொத்துரிமையை நிரூபி, பெறுமதியை நிரூபி, பத்தாண்டுகள் வியாபாரம் நடத்தியதை நிரூபி என்று கேட்பது எளிது. அவர் காட்டுவதற்கு எஞ்சியிருப்பது எது என்பதையும் சட்டம் இயற்றுவோர் யோசிக்கக் கடமைப்பட்டவர்கள்.

வாடகைக் கடையொன்றின் ஐந்தொகையை அருகே சென்று பார்த்தால் அதன் உண்மையான பெறுமதி எங்கே தங்கியிருக்கிறது என்பது விளங்கும். தட்டுகளில் இருக்கும் சரக்கு சில இலட்சம். அதை விற்பது சாதாரண வியாபார வருமானம். தராசு, குளிர்பெட்டி, இரும்பு அலமாரி ஆகியவை தேய்ந்தவை. எஞ்சுவது நீள வாட்டில் மடித்த ஒரு கடன் கொப்பி: ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு பெயர், பக்கத்தில் தோட்டத்தின் பிரிவு, கீழே பென்சிலால் எழுதிய தொகைகள், சம்பள நாளில் அடித்த கோடுகள். வாங்குபவருக்கு அந்தக் கொப்பியின் பெறுமதி, அதிலுள்ளவர்கள் புதிய முதலாளிக்கும் கடனைத் திருப்பிக் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கையைப் பொறுத்தது. அந்நம்பிக்கையோ பழைய முதலாளியின் முகத்தோடு பிணைந்தது. கணக்காளர் நன்மதிப்பு என்று எழுதும் இச்சொத்து, அவர் கடையை விட்டு இறங்கிய மறுமாதமே பெருமளவு கரைந்துவிடும். தோட்டத்துக்குள்ளேயே அனுமதியின் பேரில் கடை நடத்துவோருக்கு இதுவுமில்லை. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, அனுமதி மறுநாள் மாறக்கூடியது.

7. எவ்வகைச் சலுகை?

மேற்கூறியவற்றிலிருந்து என் அபிப்பிராயத்தை வரையறுத்துச் சொல்கிறேன். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதை 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் 60 என்று நிர்ணயித்திருக்கிறது. அதே வயதை எட்டி, பத்தாண்டுகளுக்குக் குறையாமல் தாமே நின்று நடத்திய வியாபாரத்தை விற்பவருக்கு, நிலம் முதலீடா வியாபாரச் சொத்தா என்ற பேதம் பாராமல், வாழ்நாளில் ஒரு முறை 100 இலட்சம் ரூபா வரையிலான ஆதாயம் விலக்கப்பட வேண்டும். அதற்கு மேலான பகுதிக்கு ஊழியரின் ஓய்வுக் கொடுப்பனவுக்குரிய அதே 6, 12 வீதங்கள் பொருந்த வேண்டும். ஊழியர் ஒருவருக்கு அளித்ததற்கு ஒரு சதமும் கூடாது, ஒரு சதமும் குறையாது. ஒருவர் இரு வழியிலும் பயன் பெறாதவாறு, தமக்குக் கிடைத்த சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் அந்த வரம்பில் கழித்துக்கொள்ளலாம். சலுகையின் அடிப்படை தொகையாக இருக்க வேண்டும். விகிதக் குறைப்பு மட்டுமாக இருத்தல் கூடாது. விகிதம் மட்டும் குறைந்தால் பெரிய விற்பனைக்கே பெரிய பயன் என்பதைப் பிரித்தானியாவின் 5,000 பேர் தெளிவாகக் காட்டிவிட்டார்கள். பணவீக்கத்தோடு வரம்பை ஆண்டுதோறும் உயர்த்தும் விதியும் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்; அல்லாவிடில் இன்றைய 100 இலட்சம் இன்னொரு 2022க்குப் பின் வெறும் எண்ணாகிவிடும்.

பிள்ளைக்கோ, பல ஆண்டுகள் கடையில் நின்ற வேலைக்காரருக்கோ விற்பவருக்கும் இவ்விலக்கு பொருந்த வேண்டும். கஹவத்தை போன்ற ஊர்களில் கடையை வாங்கக்கூடியவர் பெரும்பாலும் அதே கடையில் மூட்டை தூக்கி வளர்ந்தவரே; அவர் கையில் முழுப் பணம் இராது, தவணையில்தான் கொடுப்பார். தவணை வரும்போது வரி கேட்பதைவிட்டு, உறுதி எழுதிய ஆண்டிலேயே முழு வரியையும் கேட்டால் அந்த விற்பனையே நடவாது.

வாடகைக் கடைக்காரருக்கு இவ்வளவும் ஒரு பிரயோஜனமும் தராது என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆதாயமே இல்லாதவருக்கு ஆதாய வரியில் விலக்கு என்ன செய்யும்? சுயதொழில் செய்வோருக்கென 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தினால் சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டங்கள் ஏற்படுத்தப்பட்டிருக்கின்றன. ஊழியர் சேமலாப நிதியில் ஊழியர் 8 வீதம் செலுத்த, தொழில் கொள்வோர் 12 வீதம் சேர்க்கிறார். கடைக்காரருக்கு அந்த 12 வீதத்தைச் சேர்ப்பவர் எவருமில்லை. நிலமுள்ள வியாபாரிக்கு அரசு விட்டுக்கொடுக்கும் வரி எவ்வளவோ, அதற்கு ஈடான தொகையை நிலமில்லாத வியாபாரி அத்திட்டத்தில் செலுத்தும் மாதச் சந்தாவுக்குத் துணைப்பங்காக அரசு சேர்க்குமானால், 1963இல் நிலம் வாங்க முடியாமற்போனவரின் பேரனுக்கும் கடைவீதியில் உறுதியோடு இருப்பவருக்கும் ஒரே சட்டத்தில் இடம் கிடைக்கும். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் நிறைவேற்றப் பணமுண்டு என்று அரசு சொல்லுமாயின், இரண்டாவதையே முதலில் செய்ய வேண்டுமென்பேன்.